மேலே போகிறவர்கள் வரிசை

கார்த்திகை, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பிளாட்பாரக் கூரை வழக்கமான இடங்களில் ஒழுகல்.

தீபக் கூட்டத்தைச் சமாளிக்க டிவிஷன் ஆபீஸ் அதிகாரி வருகை. ஜப்பான் போய் வந்தவர். அங்கே புல்லட் ரயிலுக்கு ஆட்களை முன்கூட்டியே பிரித்து, வண்டிவாரியாக ஒதுக்கிவிடுகிறார்களாம். இங்கேயும் அப்படியே. நம்மிடம் இருப்பது கரி எஞ்சின் என்றேன். அது சின்ன வித்தியாசமாம்.

திட்டம்: வேலூர் ஆட்கள் இடப்பக்க வரிசை. விழுப்புரம் ஆட்கள் வலப்பக்கம். நடுவே சவுக்குக் கட்டை வேலி. வரிசை மாறக் கூடாது. ஸ்பெஷல் வண்டிகள் நடுவில் எங்கும் நிற்காது, அதுதான் வேகம். ஸ்டேஷன் மாஸ்டர் என்ற முறையில் கீழே என் கையெழுத்து.

புதன்

போர்டுகள் வந்தன. வேலூர்ப் பக்கம் எங்கள் ரயில்வே பாஷையில் 'அப்', விழுப்புரம் 'டவுன்'. தமிழில் எழுதச் சொல்லி உத்தரவு. எழுதிவிட்டார்கள். ஒன்றில் 'மேலே போகிறவர்கள்'. மற்றதில் 'கீழே போகிறவர்கள்'.

பாயிண்ட்ஸ்மேன் முனுசாமி சத்தமாகப் படித்தான். "ஏன் சார், இத்தினி பேரயும் நம்ம ஸ்டேஷன்லயே அனுப்பி வச்சிடறாங்களா?"

ஊர்ப் பெயரையே எழுதலாமே என்றேன் அதிகாரியிடம். "மொழிபெயர்ப்பு அங்கீகாரம் ஆயிடுச்சு. நீங்கதான் தப்பா எடுத்துக்கறீங்க."

சரியாக எப்படி எடுத்துக்கொள்வது, தெரியவில்லை.

வாங்க வேண்டியவை: குடை, டார்ச் செல், மூக்குப்பொடி.

வியாழன்

பால் கறந்து கொண்டுவரும் வேங்கிக்கால் சரோஜா. புருஷன் கோவிந்தன் வேலூர் ஆஸ்பத்திரியில், வயிற்றில் கட்டி. சனிக்கிழமை காலை ஆபரேஷன். இவள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். மாட்டை ஒருத்தரிடம் ஒப்படைக்க ஊருக்கு வந்திருக்கிறாள்.

"நாளைக்கு தீபம் பாத்து அவருக்கோசரம் வேண்டிக்கினு, அப்படியே ஸ்பெஷல்ல ஏறிடறேன் சார்."

இடப்பக்கம் நில் என்றேன். போர்டைப் பற்றிச் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

வெள்ளி, தீபம்

மழை விட்டது. உச்சியில் தீபம் தெரிந்ததும் பிளாட்பாரம் முழுக்க அரோகரா. பிறகு மொத்த ஊரும் ஸ்டேஷனில்.

'மேலே' வரிசையில் மலையேற வந்த ஒரு குடும்பம். "இந்த க்யூ நேரா உச்சிக்குத்தானே?" வேலூருக்கு என்றேன். "அதான் கம்மியா இருக்குதா," என்றார் குடும்பத் தலைவர்.

'கீழே' வரிசையில் நெரிசல் ஜாஸ்தி. நடுவில் சரோஜா.

"ஏம்மா, நீ அந்தப் பக்கம்!"

"அந்த போர்டாண்ட நான் நிக்க மாட்டேன் சார். அவரு ஆஸ்பத்திரில கெடக்கறாரு, நான் மேல போறவங்க வரிசைல நிக்கறதா? வண்டி வரட்டும், மாறிக்கிறேன்."

மாற முடியாது, வேலி இருக்கிறது என்றேன். போலீஸ்காரரிடம் கட்டையை விலக்கச் சொன்னேன். "வரிசை மாறக் கூடாதுன்னு நீங்கதான சார் கையெழுத்து போட்டிருக்கீங்க?"

விழுப்புரம் வண்டி முதலில் வந்தது. பின்னாலிருந்த கூட்டம் அவளைத் தூக்கி உள்ளே வைத்தது. ஜன்னலில் ஒரு கை. என்னைத்தான் கூப்பிட்டது.

அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். நிறுத்தி ஒரு பொம்பளையை இறக்கிவிடுங்கள் என்றேன். சிரிப்புச் சத்தம். "எப்படி சார்? புல்லட்டாச்சே."

சனி

மறுபடி தூறல். டிரங்க் காலில் அதிகாரி பாராட்டு. கூட்டம் அழகாகப் பிரிந்ததாம். அடுத்த வருஷம் எல்லாத் திருவிழாவுக்கும் இதே முறை.

விழுப்புரத்தில் இறங்கிய சரோஜா வேலூர் பஸ்ஸுக்கு ஓடியதாகத் தகவல். எப்போது போய்ச் சேர்ந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் விசாரித்து வரும்படி வேலூர் வண்டியின் கார்டிடம் சொல்லியிருந்தேன். மாலை வண்டியில் வந்து இறங்கினார்.

"விசாரிச்சேன் சார். அந்தம்மா கண்ல படல. வாசல்ல ஒரு ஆயா சொன்னாங்க, கோவிந்தன் காலையிலயே மேல போயிட்டார்னு."

"மேலேன்னா, மாடிக்கா?"

கார்டு கொடியைச் சுருட்டினார்.

"அத கேக்கலீங்களே சார்."