கமீலா மெலிந்த வருடம்

2016 ஜனவரி 11, திங்கள்

கிளினிக்கில் இரத்தத்தில் சீனி பார்த்தார்கள். வெறும் வயிற்றில் எடுத்தே இருநூற்றுக்கு மேல். சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்லும் மதுசா மிஸ் ரிப்போட் துண்டையும் பார்த்தார், என் வயிற்றையும் பார்த்தார்.

"காலமை என்ன சாப்பிடுறனீங்கள் நாநா?"

பாண், சீனிச் சம்பல், வாழைப்பழம், பால் தேத்தண்ணி என்றேன். தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி என்பதை நான் சொல்லவில்லை. கூட வந்த கமீலா சொல்லிவிட்டாள். கட்டிய மனைவி காட்டிக் கொடுத்தால் யாரிடம் போய் முறையிடுவது?

மிஸ் ஒரு கடதாசியில் சாப்பாட்டுப் பீங்கான் கீறிக் காட்டினார். பாதிக்கு இலையும் மரக்கறியும், மீதியில் பாதி மீன், பாதி சோறு. "அப்ப பசிக்குமே மிஸ்" என்றேன். "பசிக்கட்டும்" என்றாள் கமீலா. இருவரும் தராசில் ஏறி நிறை எழுதிக்கொண்டு வந்தோம்.

மீனுக்கு ஐஸ் போடும் வாடிக்கார முத்தலிபுக்குக் கால் விரல்கள் போனது இந்தச் சீனியால்தான். வான் ஓடிப் பிழைக்கிறவன் நான். எனக்குக் கால் போனால் என்ன மிஞ்சும்? பயமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 12

குரக்கன் பிட்டு, வல்லாரைச் சம்பல், சீனியில்லாத தேத்தண்ணி. மாட்டுத் தீவனம் என்றேன். "மாடு ஒங்களப் போல வயிறு வச்சிக்கொண்டா திரியிது?" என்றாள்.

அவளும் அதையேதான் தின்றாள். உனக்கென்ன நோயா, உனக்கு வேறு ஆக்கு என்றேன். "ஒரு ஊட்டுக்குள்ள ரெண்டு ஒலையா?" என்றாள். தொண்ணூறில் மன்னாரை விட்டுத் துரத்தப்பட்டு வந்து முகாமில் இருந்த காலத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே பீங்கான்தான். அந்தப் பழக்கம் அவளை விடாது.

பெப்ரவரி 2

நுரைச்சோலையில் கொத்து ரொட்டி. மாட்டிறைச்சி போட்டது. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து, "இந்தக் காலத்துக் கடைக்காரனெல்லாம் உப்ப அள்ளிக் கொட்டுறான்" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும்.

கமீலா ஏசவில்லை. குரக்கன் பிட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 14, திங்கள்

எனக்கு ஒரு கிலோ குறைந்திருக்கிறது. அவளுக்கு ஐந்து! மிஸ் அவளைக் கையில் பிடித்து, வரிசைக்கு வாங்கிலில் இருந்தவர்களுக்குக் காட்டினார். "இந்த அக்காவைப் பாருங்கோ. சொன்னபடி சாப்பிட்டா இப்பிடித்தான்." கமீலா வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நோயாளி நான், பரிசு அவளுக்கு. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பொறாமைதான். மிஸ் அடுத்த மாதம் பிள்ளைப்பேறு லீவில் போகிறாராம்.

ஏப்ரல் 3

பக்கத்து வீட்டுச் சுல்பா லாத்தா வேலியால் எட்டிப் பார்த்து, "என்னத்த புள்ள குடிக்கிற? எனக்கும் சொல்லித் தாவன்" என்று கேட்டார். கமீலா குரக்கன் இடிக்கும் பக்குவம் சொல்லிக் கொடுத்தாள். அவளுடைய சட்டைகளுக்கு இப்போது ஊசி குத்த வேண்டியிருக்கிறது.

சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாயில் "நெறஞ்சிட்டு" என்று மீதியை என் பக்கம் தள்ளிவிடுகிறாள். எனக்கு அந்த மனக்கட்டுப்பாடு வராது. ஆலங்குடா லொட்ஜுக்கு வந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம்கூட, என் மனைவி இலை தின்று இளமையாகிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் பெருமையடித்தேன். ஊருக்குத்தானே உபதேசம்.

ஏப்ரல் 17, ஞாயிறு

மன்னாரில் கலியாணம். பெரிய சஹன் தட்டைச் சுற்றி ஆறாறு பேராக இருந்து சாப்பாடு. சண்டை முடிந்த பிறகு அங்கே திரும்பிப் போய்க் குடியிருக்கும் மர்ளியா, கமீலாவின் கூடப்பிறந்த லாத்தா, நாங்கள் புறப்படும் நேரம் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மச்சான், சஹன்ல ஆறு பேர் சுத்தி இருந்தம். எல்லார்ட பக்கமும் முடிஞ்சிட்டு. அவள்ட பக்கத்துச் சோறு வச்சபடி கெடந்த. இவளுக்கு என்ன வருத்தம்?"

நோயும் இல்லை வருத்தமும் இல்லை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, கிளினிக்கிலேயே நல்லம் என்று சொல்கிறார்கள் என்றேன்.

"எனக்குத் தெரியும் எண்ட தங்கச்சிய. புரியாணிச் சஹன்ல அவள் கை வைக்காம இருக்கமாட்டாள்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒருத்தி நன்றாக இருந்தால் பார்க்கப் பொறுக்காது என்று நினைத்தேன். கமீலாவுக்குச் சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தேன். அவளோ வான் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வழி முழுக்க நித்திரை. முன்பெல்லாம் மன்னார்ப் பயணம் என்றால் இவள் கதைக்கிற கதையில் எனக்குக் காது வலிக்கும்.

ஜூன் 9

நோன்பு திறந்து, கஞ்சி ரெண்டு கரண்டி குடித்தாள். எழுந்து கிணற்றடிக்குப் போனாள். குடித்த கஞ்சியெல்லாம் சத்தி. கறுப்பாக வந்தது. இது எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று மாதமாம்.

ஏன் சொல்லல்ல? ஏன் எனக்குச் சொல்லல்ல?

"எல்லாரும் நல்லம் நல்லம் எண்டாங்க. நானும் நல்லதுக்குத்தான் மெலியிறன் எண்டு நெனச்சன்." பிறகு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளல்ல எண்டு சொல்லியிருந்தா, நீங்க அடுத்த நாளே கொத்துக் கடையில நிப்பீங்க" என்றாள்.

நின்றிருப்பேன். அது உண்மை.

ஜூன் 20

கொழும்பில் காட்டினோம். இரைப்பையில் கட்டி. ஈரலுக்கும் போய்விட்டதாம். வெட்டிப் பயனில்லை என்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். எனக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்? விரும்புவதையெல்லாம் கொடுங்கள், சீனி, பட்டர், முட்டை, எதுவானாலும் இறங்கினால் போதும் என்றார் டொக்டர். கமீலா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தீங்களா, எனக்குத்தான் அதிஷ்டம்."

ஜூலை 6, பெருநாள்

மகள் ஃபஹ்மியா புத்தளத்தில் இருந்து வந்து வட்டிலப்பம் அவித்தாள். பனங்கட்டி அளவில்லாமல் போட்டது. கமீலா கரண்டி நுனியால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு மூடிவைக்கச் சொன்னாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒங்களுக்கில்ல" என்றாள்.

இந்த நிலையிலும் என் பீங்கானைத்தான் பார்க்கிறாள்.

ஜூலை 28

கண்டக்குழிக்குப் போய் உயிர் இறால் வாங்கிவந்து சூப். வேண்டாம். முட்டைமா. வேண்டாம். பாணைச் சீனிப் பாலில் தோய்த்து, குழந்தைக்கு ஊட்டுவது போல ஊட்டினேன், துப்பிவிட்டாள். ஒரு வாய் தின்னு புள்ள. ஒரு வாய். யா அல்லாஹ், ஆறு மாசமா இவள் மிச்சம் வச்சதெல்லாம் நான்தானே தின்னன், சந்தோசமாத் தின்னனே —

ஆகஸ்ட் 19, வெள்ளி

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கமீலா மௌத்தானாள்.

ஆகஸ்ட் 22

மையித்து வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மூன்று நாளும் அயலவர்கள்தான் சோறு கொண்டுவந்தார்கள். இன்று சுல்பா லாத்தாவின் முறை. பாத்திரத்தை வைத்துவிட்டுப் போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அது மெலிஞ்சதப் பாத்து நான் பக்குவம் கேட்டேனே தம்பி. எண்ட வாயால கேட்டேனே."

நீங்கள் வேலியால் பார்த்தீர்கள் லாத்தா, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மனதுக்குள் இதைச் சொல்லிக்கொண்டே பாத்திரத்தை உள்ளே எடுத்து வைத்தேன். அவரைத் தேற்றும் நிலையில் நான் இல்லை.

செப்டம்பர் 20

ஃபஹ்மியா தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாள். பார்ப்போம் என்றேன். காலையில் தேத்தண்ணி. பகலுக்கும் தேத்தண்ணி. குரக்கன் மாப் போத்தலில் வண்டு விழுந்துவிட்டது, கொட்டினேன்.

ஒக்டோபர் 10, திங்கள்

மகளின் கரைச்சல் தாங்காமல் கிளினிக்குக்குப் போனேன். மதுசா மிஸ் லீவு முடிந்து வந்திருக்கிறார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

துண்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. சீனி கட்டுக்குள் வந்துவிட்டது. நிறை ஒன்பது கிலோ குறைவு. "அருமை நாநா! நல்லம், நல்லம். இப்பதான் சொல்வழி கேட்டிருக்கிறியள். இப்பிடியே விடாமல்..." வாங்கிலில் இருந்தவர்களுக்குக் காட்ட என் கையைப் பிடித்தார்.

"நல்லம் எண்டு சொல்லாதீங்க மிஸ். ஏன் மெலிஞ்ச எண்டு கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பக்கத்தில் பார்த்தார். "அக்கா வரேல்லையா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கிணற்றடியில் அவள் சொன்னதையும். எனக்கும் இப்போது ஒரு வாயும் இறங்குவதில்லை என்பதையும் சொன்னேன். மிஸ் என் கையை விடவே இல்லை. பின்னால் வரிசை நீண்டுவிட்டது. "கொஞ்சம் அந்தக் கதிரையில இருங்கோ நாநா, நான் வாறன்" என்றார்.

இருந்தேன். அடுத்ததாக ஒரு பெண் தராசில் ஏறினாள். கமீலாவின் வயதுதான் இருக்கும். மிஸ் நிறையைப் பார்த்தார், பழைய துண்டைப் பார்த்தார், உடனே எழுதவில்லை.

"குறைஞ்சிருக்கு அக்கா. உங்களுக்குச் சாப்பாடு இறங்குதா?"

"ஓம் மிஸ். மூணு நேரமும் நல்லாச் சாப்பிடுறன்."

அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.