சாயங்கால மாத்திரை

பிப்ரவரி 11

மாலையில் கடைக்குக் கண்ணாடி மாற்ற ஒரு பெரியவர் வந்தார். பிரேம் காதில் சரியாக உட்கார்கிறதா என்று பார்க்க அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்தேன். அதுவரை "அம்மா, அம்மா" என்று பேசிக்கொண்டிருந்தவர், புதுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். பிறகு "நல்லாத் தெரியுது தம்பி" என்றார்.

ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுக்கிறேன். அவர்கள் முதலில் பார்ப்பது என் தாடியை. நல்ல பிழைப்பு.

பிப்ரவரி 15

ஞாயிறு. அக்கா வந்து நூல் போட்டு முடியை எடுத்துவிட்டாள். நெற்றி, கன்னம், மோவாய், காதோரம் - ஒன்றரை மணி நேரம். நூலைப் பல்லில் கடித்தபடியே "ஆடாதடி" என்கிறாள். மூன்று வருடம் முன்பு தன் சிறுநீரகத்தில் ஒன்றை எனக்குக் கொடுத்தவள். அதை என் உடம்பு ஏற்றுக்கொள்ளத்தான் காலையும் சாயங்காலமும் இந்த மாத்திரை. மாத்திரையால்தான் இந்த முடி. யாரைக் கோபிப்பது?

பிப்ரவரி 23

மருந்தை மாற்றித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்டேன். "மாத்தலாம்மா. ஆனா உங்களுக்குச் சர்க்கரை இருக்கு, அந்த மருந்து அதை எகிற வச்சிடும். கிட்னி அருமையா வேலை செய்யுது. முடிதானே?"

முடிதானே. அவருக்கு வழுக்கை.

மார்ச் 2

முதலாளி என்னைப் பின்னறையில் லென்ஸ் தேய்க்கப் போட்டுவிட்டார். "உனக்கும் நிம்மதியா இருக்கும்ல" என்றார். திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். இரக்கப்பட்டவரை என்ன செய்வது?

சாயங்கால மாத்திரையைப் போடவில்லை. ஒரு நாள்தானே.

மார்ச் 29

வாரத்தில் நான்கு நாள் சாயங்கால மாத்திரை இல்லை. ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து மட்டும் ஒழுங்காகப் போட்டுவிடுகிறேன். ரத்தத்தில் மருந்தின் அளவு சரியாகவே வருகிறது. டாக்டர் "வெரிகுட்" என்றார். கெட்டிக்காரிதான் நான்.

ஜூன் 7

முகம் தெளிந்துவிட்டது. அக்காவுக்கு வாயெல்லாம் பல். "விடாம நூல் போட்டா வேர் செத்துடும்னு சொன்னேன்ல?" ஆமாக்கா, உன் கைராசி என்றேன். என்ன பாவி நான்.

ஆனாலும், இன்று பேருந்தில் ஒரு பெண் நகர்ந்து உட்கார்ந்து "வாம்மா" என்று இடம் கொடுத்தாள். அவ்வளவுதான். வீடு வரைக்கும் சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 30

கால் வீங்கியிருக்கிறது. வெயிலாக இருக்கும்.

ஆகஸ்ட் 6

கிரியேட்டினின் நாலு புள்ளி எட்டு. ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது. மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். என் உடம்பு அக்காவின் சிறுநீரகத்தை அந்நியமென்று தாக்குகிறதாம்.

"மாத்திரை ஏதாவது விட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இவளா? ஒரு வேளைகூடத் தவற விடமாட்டா டாக்டர்." அக்கா முந்திக்கொண்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் தொறக்கல? அப்பவே சொல்லியிருந்தா - சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? தெரியல. ஒண்ணும் தெரியல எனக்கு.

செப்டம்பர் 13

காப்பாற்ற முடியவில்லை. நாளை முதல் டயாலிசிஸ்.

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். "என்னோடதுலதான் ஏதோ கோளாறு. உனக்குன்னு குடுத்ததையும் சொத்தையாக் குடுத்துட்டேன்டி. மன்னிச்சுக்க." என்கிட்ட. என்கிட்ட வந்து மன்னிப்புக் கேக்குறா.

செப்டம்பர் 24

அக்காவிடம் சொல்லிவிட்டேன். கழுத்தில் குழாயோடு, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மார்ச் இரண்டாம் தேதியிலிருந்து எல்லாவற்றையும். அறைவாள் என்று நினைத்தேன். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அக்கா கேட்டாள்: "அப்போ, என்னோடது நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுக்கா" என்றேன்.