ஆடாத பல்

தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க இங்கே யாரும் நலமாக இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பது உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய், ஓர் இடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. எழுத்து கோணவில்லை.

போனில் எதுவும் பேச வேண்டாம் என்று வக்கீல் சொன்னாராம், அதனால் கடிதமாம். சரி, நானும் கடிதமே போடுகிறேன். நீ ஒளிந்திருக்கும் சிநேகிதன் வீட்டு முகவரியை நீயே பின்பக்கம் எழுதியிருக்கிறாய்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. உன்னை நினைத்து அழுகிறாள், அழுதுகொண்டே வேளா வேளைக்குச் சாப்பிடவும் செய்கிறாள். உன் மகள் என்னிடம் இருக்கிறாள், பள்ளிக்கூடம் போய் வருகிறாள். யாராவது சாவிக்கொத்தை மேசைமேல் போட்டால் மட்டும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். உன் மனைவி ஆஸ்பத்திரியில் இருப்பது இன்றோடு ஒன்பது நாள். மேல் உதட்டில் ஏழு தையல். முன்பல் ஒன்று வேரோடு வந்துவிட்டது. பக்கத்துப் பல் பாதியில் முறிந்து நிற்கிறது. பாலும் பழச்சாறும்தான் சாப்பாடு, அதுவும் ஸ்பூனால் ஓரமாக ஊற்ற வேண்டும்.

இதை நீ எப்படி எழுதியிருக்கிறாய் தெரியுமா? "கை பட்டுவிட்டது." மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய், எண்ணிப் பார்த்தேன். கை படுவது பஸ் கூட்டத்தில் நடப்பதடா. நீ சாவிக்கொத்தை உள்ளங்கையில் வைத்து இறுக்கி மூடிக்கொண்டு, பெற்ற பிள்ளை பார்க்கப் பார்க்கக் குத்தினாய். இன்னோர் இடத்தில் "ஒரு பல் போய்விட்டது" என்றிருக்கிறது. எங்கே போயிற்று? பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிற்றா? இருபத்தோரு வருஷமாகப் பல் டாக்டரிடம் உதவியாளாக இருக்கிறேன். சீழ், ரத்தம், அழுகின ஈறு எதற்கும் நான் முகம் சுளித்ததில்லை. உன் நான்கு பக்கத்தைப் படித்து முடித்ததும் எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

உன் வக்கீல் செவ்வாய்க்கிழமை வந்தார். பல் சுத்தம் செய்ய வேண்டும் என்று பெயர் கொடுத்துவிட்டு, நல்ல பிள்ளைபோல வரிசையில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் உள்ளே போன சமயம் பார்த்து, நாற்காலியில் மல்லாந்தபடியே எனக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தார். காயத்தில் இரண்டு தினுசாம். வீக்கம், கீறல், தையல் எல்லாம் சாதாரணக் காயம். அதற்கு உடனே ஜாமீன் உண்டு, கடைசியில் ஏதோ அபராதத்தோடு முடிந்துவிடும். எலும்போ பல்லோ முறிந்தால் கொடுங்காயம். அதற்கு வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும். "ஏற்கெனவே ஆடிக்கிட்டிருந்த பல்லுன்னா கதையே வேறம்மா. அது தானா விழ இருந்தது, இன்னைக்கு விழுந்துச்சு, அவ்வளவுதான்" என்றார். சொல்லும்போது கடைவாயில் எச்சில் வழிந்தது. குழாய் வைத்து உறிஞ்சுவது என் வேலை, உறிஞ்சினேன்.

அவர் கேட்டது எங்கள் அட்டையில் ஒரு குறி. உனக்குத்தான் அந்த அட்டை தெரியுமே. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை, அதில் முப்பத்திரண்டு பல்லும் வரைந்திருக்கும். சொத்தைக்கு வட்டம், இல்லாத பல்லுக்குப் பெருக்கல் குறி, ஆடும் பல்லுக்கு அலைபோல ஒரு கோடு. குறியெல்லாம் பென்சிலில்தான் போடுவோம், குறிப்பு மட்டும் பேனாவில். "பென்சில் கோடுதானே, எப்போ போட்டதுன்னு யாரு கண்டா?" என்றார். அதோடு விடவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் அதே பல்லின் முனை ஐஸ் கட்டியைக் கடித்து உடைந்ததாக என் கையெழுத்திலேயே அட்டையில் இருக்கிறதாமே, நீ சொன்னாயாமே, ரொம்ப நல்லதாகப் போயிற்றாம். பல்லே பலவீனம் என்று சாதித்துவிடலாமாம். பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, தன் கடைவாய்ப் பல்லில் சொத்தை இருக்கிறதா பார்க்கச் சொன்னார். இருந்தது. நான் சொல்லவில்லை, டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மாவும் அதே பாட்டு. "பல்லுதானேடி! ஒண்ணு போனா இன்னொண்ணு கட்டிக்கலாம். உன் டாக்டர்கிட்டச் சொன்னா முத்து மாதிரி கட்டித் தந்துடுவாரு. புருஷன் ஜெயிலுக்குப் போனா அவ என்னடி பண்ணுவா?" என்றாள். சிரித்துவிட்டேன். அம்மா சொன்னது வேடிக்கையாக இருந்தது என்பதற்காகச் சிரித்தேன். சிரித்த என்னை எனக்கே பிடிக்கவில்லை.

இனி எழுதப்போவது உனக்குச் சந்தோஷமாக இருக்கும், முழுதாகப் படி. மறுநாள் மதியம் டாக்டர் சாப்பிடப் போனபோது, உன் மனைவியின் அட்டையை எடுத்துக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பென்சிலைச் சீவினேன். நீ நாலு வயதில் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடந்ததெல்லாம் ஞாபகம் வந்தது, வராமல் இருக்குமா? அந்தப் பல்லுக்கு மேலே கோட்டைத் தொடங்கினேன். ஓர் அலை போட்டாயிற்று. இரண்டாவது அலை இறங்கும்போது, அட்டையின் தலைப்பில் நானே இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியது கண்ணில் பட்டது. "குளிர்ச்சி பட்டால் கடும் கூச்சம். குளிர்ந்த நீரே ஆகாது."

குளிர்ந்த தண்ணீரே குடிக்க முடியாதவள் ஐஸ் கட்டியைக் கடிப்பாளா? நான்கு விரற்கடை இடைவெளியில் இரண்டையும் எழுதியவள் நான்தான். ஒரே கை, ஒரே பேனா.

எப்படி எழுதினேன் என்று சொல்கிறேன். எங்கள் வேலையில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வந்தவரை நாற்காலியில் சாய்த்து, வாயில் பஞ்சை அடைத்து, குழாயை மாட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் அட்டையை எடுத்து எப்படி ஆச்சு என்று கேட்போம். அவர்களால் வாயைத் திறந்து சொல்ல முடியாது. கூட வந்தவர் சொல்வார், அதை எழுதிக்கொள்வோம். நேரம் மிச்சம். அன்றைக்குக் கூட வந்தவன் நீ. "ஐஸ் கட்டியைக் கடிச்சுட்டாக்கா" என்றாய். எழுதினேன். எழுதியது போதாது என்று, "ஏம்மா, சின்னப் புள்ளையா நீ?" என்று அவளைக் கடிந்துகொள்ளவும் செய்தேன். நீயும் நானும் சேர்ந்து சிரித்தோம். அவள் பஞ்சுக்கு மேலே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. விளக்கு வெளிச்சம் கூசுகிறது போலும் என்று விளக்கைத் திருப்பிவைத்தேன்.

உன்மேல் வந்த அருவருப்பு போதாதென்று என்மேலும் சேர்ந்துகொண்டது. நீ அடித்தாய். அடித்ததற்கு நான் நல்ல கையெழுத்தில் காரணம் எழுதிக் கொடுத்தேன்.

இதுவரை எழுதிவிட்டு நான்கு நாள் கடிதத்தைத் தொடவில்லை. அதற்குள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

அட்டையை டாக்டரிடம் கொண்டுபோய், பாதி போட்ட கோட்டைக் காட்டினேன். அழிக்கட்டுமா என்று கேட்டேன். மனுஷன் இத்தனை வருஷத்தில் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். "அழிக்காதீங்க. எப்போ போட்டீங்க, எதுக்குப் போட்டீங்கன்னு பக்கத்துலயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார். போட்டேன். வேலை இருக்குமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வாக்குமூலம் வாங்க விசாரணை அதிகாரி வந்தார், ஒரு பெண்தான். உன் மனைவிக்கு வாயில் பஞ்சு. அதிகாரி கேட்கக் கேட்கக் கட்டிலோரம் உட்கார்ந்து பதில் சொன்னது யார் தெரியுமா? நம் அம்மா. "கொஞ்சம் முன்கோபி, மத்தபடி தங்கமான புள்ளைங்க" என்று ஆரம்பித்துவிட்டாள். அதிகாரியின் பேனாவும் ஓட ஆரம்பித்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பஞ்சை எடுக்கும்வரை ஒரு வரிகூட எழுதாதீர்கள் என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அம்மாவைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் பெஞ்சில் உட்காரவைத்தேன். இன்றுவரை அவள் என்னோடு பேசவில்லை.

நர்ஸ் வந்து பஞ்சை எடுத்தார். உன் மனைவி ஒரு மணி நேரம் பேசினாள். உதடு சேராததால் பாதிச் சொல் காற்றாகவே வந்தது. அதிகாரி பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டார். ஆறு மாதத்துக்கு முன்னால் நீ அவள் பின்தலையைப் பிடித்து வாஷ்பேசின் விளிம்பில் மோதினாயாமே. அதற்கும் முன்னால் நடந்தவற்றை நான் இங்கே எழுதவில்லை. எல்லாம் வாக்குமூலத்தில் இருக்கிறது, கோர்ட்டில் உனக்கு வாசித்துக் காட்டுவார்கள். எல்லாம் முடிந்தபின், என்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டேன். "நீங்க என்னைக் கேக்கலையே அண்ணி. அவரைத்தானே கேட்டீங்க" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். நீ குத்தியதற்கு உதட்டில் தையல் போட்டார்கள். இதற்கு எங்கே போய்த் தையல் போட்டுக்கொள்வேன்?

அட்டையை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் எடுத்த எக்ஸ்ரேவையும் டாக்டர் கொடுத்துவிட்டார். அதில் அந்தப் பல்லின் வேர் எப்படி ஊன்றி நிற்கிறது என்று பார்த்தால் உன் வக்கீலே வாயை மூடிக்கொள்வார். அது ஆடின பல் இல்லையடா. அதை வேரோடு பிடுங்குவதென்றால் டாக்டரே மருந்து போட்டு, குறடு பிடித்து, வியர்க்க வியர்க்க இழுக்க வேண்டியிருக்கும். நீ ஒரே குத்தில் எடுத்திருக்கிறாய். பென்சில் கோட்டைப் பற்றியும், வக்கீல் நாற்காலியில் படுத்துச் சொன்னதைப் பற்றியும் நானே சொன்னேன். உன் நான்கு பக்கக் கடிதத்தையும் முகவரியோடு கொடுத்தேன். உனக்கு இப்படி ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருப்பதையும் மறைக்கவில்லை. "அனுப்புங்க. தானா வந்து நின்னா அவருக்குத்தான் நல்லது" என்றார் அந்த அதிகாரி. இந்தக் கடிதம் முந்துமா, அவர்கள் முந்துவார்களா தெரியவில்லை.

படித்ததும் உனக்கு ஓடத்தான் தோன்றும். ஓடாதே. ஓடினாலும் பிடிப்பார்கள், அதற்காகச் சொல்லவில்லை. நீ இல்லை இல்லை என்று சாதித்தால் வழக்கு நடக்கும். நடந்தால் அவளைக் கூண்டில் ஏற்றுவார்கள். உன் வக்கீல் எழுந்து, எந்தப் பல், எப்படி ஆடிக்கொண்டிருந்தது, எங்கே வாயைத் திறந்து காட்டும்மா என்பார். முன்பின் தெரியாத ஆண்கள் நிறைந்த அறையில் அவள் வாயைத் திறந்து காட்ட வேண்டும். குழந்தையையும் கூப்பிட்டு, அப்பா கையில் என்ன வைத்திருந்தார் என்று கேட்பார்கள். இதை மட்டும் செய்துவிடாதே தம்பி. அடித்தேன் என்று நீயே ஒரு தடவை சொல்லிவிடு. கை பட்டது என்று சொல்லாதே, அடித்தேன் என்று சொல். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். காலைப் பிடித்துக் கேட்கச் சொன்னாலும் கேட்கிறேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன். வெறும் வயிற்றோடு வராதே, சாப்பிட்டுவிட்டு வா. மாற்று உடுப்பு நான் கொண்டுவருகிறேன். உள்ளே போகும்போது கூடவே வருவேன், பயப்படாதே. வெளியே கொண்டுவர மட்டும் என்னால் வர முடியாது.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
அக்கா.