பூசப்படாத நான்காவது கடைவாய்ப்பல்

அனுப்புபவர்:
செ. யதுர்ஷிகா,
தரம் 9,
வெள்ளாங்குடா, பூநகரி.

பெறுபவர்:
பொறுப்பு வைத்திய அதிகாரி,
நடமாடும் பற்சிகிச்சைப் பிரிவு,
கிளிநொச்சி.

விடயம்: மூன்று பற்சிகிச்சை அட்டைகளிலுள்ள பிழையான பதிவுகளைத் திருத்துதலும், விடுபட்ட பற்களுக்குக் காப்புப் பூச்சு இடுதலும்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

இம்மனுவில் நடந்தவற்றை நடந்தபடியே எழுதுவேன். எனக்குப் பாதகமானவற்றையும் மறைக்க மாட்டேன். எழுத வேண்டாம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. அதையும் உரிய இடத்தில் குறிப்பிடுவேன்.

1. கடந்த மே மாதம் 20ஆம் திகதி தங்கள் பிரிவின் வாகனம் எமது பாடசாலைக்கு வந்தது. தரம் 2 மாணவர்கள் 23 பேரின் ஆறு வயதுக் கடைவாய்ப்பற்களுக்குக் காப்புப் பூச்சு இடுவதே நோக்கம். என் தங்கை லக்சிகா அவர்களில் ஒருத்தி. என் எழுத்து தெளிவானது என்பதால் அட்டைகளை நிரப்பும் வேலை எனக்குத் தரப்பட்டது. அதனால் வாகனத்தின் உள்ளேயே இருந்து எல்லாவற்றையும் பார்த்தேன்.

2. பற்சிகிச்சையாளர் திருமதி விமலேஸ்வரி பிள்ளைகளுக்கு நன்றாக விளக்கம் சொன்னார். “கடைவாய்ப்பல்லின்ரை மேற்பக்கம் உழுத வயல் மாதிரி, பிள்ளையள். சாப்பாடு சாலுக்குள்ளை போய்க் கிடக்கும். பிரஷின்ரை தும்பு அதுக்குள்ளை போகாது.” பல்லைச் சுத்தம் செய்து, நீல நிறப் பசை தடவி, கழுவி, எச்சில் படாமல் பஞ்சு வைத்து உலர்த்தி, அந்தச் சால்களை நிரப்பும்படி வெள்ளைத் திரவத்தைப் பூசினார். பிறகு நீல ஒளியை இருபது விநாடி பிடித்தார். ஒளி பட்டால்தான் பூச்சு இறுகும். வெளியே வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து இருபது வரை சத்தமாக எண்ணினார்கள். எனாமல் கரைந்தால் திரும்ப வளராது என்றும், ஓட்டை விழ முன்னரே பூச வேண்டும் என்றும் அவர் சொன்னதை நான் என் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

3. இது எனக்கு ஏன் முக்கியம் என்றால், என் வாயில் அந்தப் பல் ஒன்று இல்லை. ஆறு வயதுக் கடைவாய்ப்பல் எந்தப் பல்லும் விழாமல் பின்னால் புதிதாக முளைப்பதால், எங்கள் வீட்டில் எல்லோரும் அதைப் பாற்பல் என்றே நினைத்தார்கள். கறுத்தபோது, “விழுற பல்லுத்தானே, விடு” என்றார்கள். அது விழவில்லை. தரம் 6இல் பிடுங்கினார்கள். இன்றுவரை நான் ஒரு பக்கத்தால்தான் சப்புகிறேன்.

4. இனி என் பிழை. ஒவ்வொரு அட்டையிலும் நான்கு பற்களுக்கு நான்கு கட்டங்கள் உண்டு. பூசி முடிந்த பின்பே சரி அடையாளம் இட வேண்டும். பத்து மணி இடைவேளையில் நான் வேலையை விரைவாக முடித்துப் பாராட்டுப் பெற எண்ணி, 23 அட்டைகளிலும் நான்கு கட்டங்களுக்கும் முற்கூட்டியே சரி இட்டு, “நிறைவுற்றது” என்றும் எழுதினேன். அழகாகவே எழுதினேன்.

5. லக்சிகா கடைசி ஆள். அவளுடைய மூன்று பற்கள் முடிந்து, நான்காவதற்குத் திரவம் பூசியாயிற்று. அப்போது மணி ஒன்று. சாரதி ஜெனரேற்றரை நிறுத்தப் போவதாகச் சொன்னார்.

“இன்னும் ஒரு பல்லுத்தான், அண்ணை. ரெண்டு நிமிசம் பொறுங்கோ.”

“ஒரு மணிக்கு வெளிக்கிட வேணும் எண்டு எழுதித் தந்திருக்கு, மிஸ். போன கிழமையும் ரெண்டு நிமிசம் எண்டனீங்கள். பேச்சு விழுந்தது எனக்கெல்லோ.”

வாகனத்தின் உள்ளே இருண்டது. நீல ஒளியும் அதே மின்சாரத்தில்தான் இயங்குவது. வெளியே நின்ற பிள்ளைகளுக்கு விடயம் தெரியாததால் வழமைபோல் இருபது வரை எண்ணி முடித்தார்கள். வாயை மூடக் கூடாது என்று சொல்லப்பட்டிருந்ததால் லக்சிகா இருட்டிலும் மூடவில்லை. பற்சிகிச்சையாளர் இறுகாத திரவத்தைப் பஞ்சால் துடைத்து எடுத்துவிட்டு, “மூடு குஞ்சு” என்றார்.

6. பின்னர் அவர் வாகனத்தின் முன்பக்கத்தில் அட்டைகளை அடுக்கி வைத்து அவசரமாகக் கையொப்பமிட்டார். தங்கையின் அட்டை அடியில் இருந்தது. அது பிழை என்று சொல்வதானால், மற்ற அட்டைகளையும் முன்கூட்டியே நிரப்பியதைச் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை.

7. ஒரு பல் பூசப்படவில்லை என்று லக்சிகா வீட்டில் சொன்னதால், ஜூன் 3ஆம் திகதி அம்மா ஆடைத் தொழிற்சாலையில் விடுப்பு எடுத்து எங்கள் இருவரையும் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார். இலக்கம் கொடுப்பவர் அட்டையைப் பார்த்தார். “நாலும் பூசியாச்சு எண்டு கையெழுத்தோடை கிடக்கு. பிள்ளைக்கு நோகுதோ?” அம்மா இல்லை என்றார். “அப்ப நொந்தால் கூட்டிக்கொண்டு வாங்கோ.” அதாவது, நோகாமல் போனால் இலக்கம் இல்லை. நொந்த பின் போனால் பூசுவதற்குப் பல் இல்லை. கையொப்பமிட்டவரே அட்டையைத் திருத்த வேண்டுமாம். அவரோ இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார். தங்கள் வாகனம் அடுத்த ஆண்டு வரும்போதும் “நிறைவுற்றது” என்றுள்ள பிள்ளைகளைக் கூப்பிடமாட்டார்கள். திரும்பி வரும் பேருந்தில் அம்மா, “ஆரோ கண் தெரியாத ஆக்கள் நிரப்பியிருக்கினம்” என்று வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தார். நான் யன்னல் பக்கம் இருந்தேன். இறங்கிப் போக இடமில்லை.

8. மற்ற அட்டைகள் சரியா என அறிய, இடைவேளைகளில் டோர்ச் லைற் பிடித்து 22 பேரின் வாயையும் பார்த்தேன். இப்போது பாடசாலையில் என்னை “பல் டொக்டர்” என்று பழிக்கிறார்கள். நிருஷன் ஒரு மாங்காய்த் துண்டு கொடுத்த பின்பே வாயைத் திறந்தான். அவனுக்கும் பிரஷாந்தினிக்கும் மேல் வலது கடைவாய்ப்பல் இன்னும் பல் முரசுக்குள்ளேயே இருக்கிறது. முளைக்காத பல்லுக்கும் நான் சரி இட்டிருக்கிறேன். ஆகவே பிழையான அட்டைகள் மூன்று.

9. இதை எங்கள் வகுப்பாசிரியை சிவலட்சுமி ரீச்சரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் ஏசவில்லை. “மேலிடத்துக்கு எழுதினால் அடுத்த வருசம் வாகனம் வேறை பள்ளிக்கூடத்துக்குப் போயிடும். ஒரு பல்லுக்காக நூறு பல்லை விடுறதோ, பிள்ளை?” என்று கேட்டார். ஆனால் லக்சிகா ஒவ்வொரு நாளும் இரவில் என்னிடம் வாயைத் திறந்து காட்டி, “கறுத்திட்டுதோ அக்கா?” என்று கேட்கிறாள். இன்றுவரை கறுக்கவில்லை. நாளைக்கும் அப்படிச் சொல்ல முடியுமா என்று தெரியாது.

ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து, மூன்று அட்டைகளையும் திருத்தி அனுப்புமாறும், லக்சிகாவின் பல்லுக்கு ஓட்டை விழ முன்னர் பூச்சு இட ஒரு திகதி தருமாறும், மற்ற இருவருக்கும் பல் முளைத்ததும் அவ்வாறே செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன். கதிரையில் ஒரு பிள்ளை இருக்கும்போது ஜெனரேற்றரை நிறுத்தாதிருக்கச் சாரதிக்கு எழுத்தில் அனுமதி வழங்கவும் வேண்டுகிறேன். அவர் மீது எனக்கு முறைப்பாடு இல்லை. தண்டனை இருப்பின் அதை எனக்குத் தாருங்கள், எமது பாடசாலைக்கு வாகனம் வருவதை நிறுத்த வேண்டாம்.

வெள்ளாங்குடா
2025.06.17

இவ்வண்ணம்,
உண்மையுள்ள,
செ. யதுர்ஷிகா

தாயாரின் ஒப்பம்: செ. அருந்ததி
(முழுவதும் வாசித்தேன். அவளே எழுதியது.)

இணைப்பு: அட்டை இல. 23இற்குரிய சரியான பதிவு

பெயர்: செ. லக்சிகா, தரம் 2
மேல் வலது: பூசப்பட்டது
மேல் இடது: பூசப்பட்டது
கீழ் வலது: பூசப்பட்டது
கீழ் இடது: பூசப்படவில்லை
நிறைவுறாமைக்கான காரணம்: விளக்குகள் அணைக்கப்பட்டன.