சின்ன நோட்டு

பிப்ரவரி 3

என் அன்பு அண்ணிக்கு,

நலம். நீ நலமாக இருப்பதைப் பேப்பரிலேயே பார்த்துவிட்டேன். அரைப் பக்கப் படம், கையில் மைக். ஒரே ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்த காலத்தில் நீ எனக்கு நெட்டை, நான் உனக்குக் குட்டை. பிறகு என் அண்ணனைக் கட்டிக்கொண்டு அண்ணியானாய். அதோடு என் உழைப்பும் குடும்பச் சொத்து என்று முடிவு கட்டிவிட்டாய் போல.

கணையப் புற்றுநோய்க்காரர்களின் ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற மரபணுத் துணுக்கு ஒன்று எக்கச்சக்கமாக ஏறிக் கிடக்கிறது என்று மூன்று வருடம் விரல் மரத்துப்போக அளந்தவள் நான். இரண்டு வருடம் முன்பு பிரசவத்துக்கு லீவு போட்டேன். நீ என் மேசையிலிருந்த பெரிய நோட்டை எடுத்து உன் பெயரில் கட்டுரை போட்டாய். நன்றிப் பட்டியலில் பதினோராவது ஆள் நான், அதுவும் இனிஷியல் தப்பாக!

வயிறு எரிகிறது, மறைக்க மாட்டேன். ஆனால் சின்ன நோட்டு ஒன்று என்னிடமே இருக்கிறது. அதை நீ பார்த்ததில்லை. ஏறு அண்ணி, உச்சிக்கே ஏறு. நான் கீழே நின்று பார்க்கிறேன்.

உன்,
குட்டை

பிப்ரவரி 19

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் பையன் நன்றாகப் பேசுகிறானாமே. அம்மா மாதிரியா? அப்படியென்றால் அக்கம்பக்கம் தாங்காது.

நோட்டு எழுத ஆயிரம் பேர் உண்டு. அதை வெளியே கொண்டுவர ஒரு ஆள் வேண்டும். மார்ச் பன்னிரண்டாம் தேதி எனக்கு விருது. ரத்தத்தில் கணையப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் நம் பரிசோதனை ஆஸ்பத்திரிகளுக்குப் போகப்போகிறது. அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வை அடக்க மருந்து செய்யலாமா என்று ஒரு கம்பெனியும் கேட்கிறது. உன் சின்ன நோட்டை வைத்துக்கொள், பையன் கிறுக்க ஆகும்.

நவம்பரில் உன் அண்ணனுக்கு வயிற்று வலி வந்தது, முதுகு வரை இழுத்தது. டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். எனக்குப் பயம். நானே அவர் கையில் பூப்போல ஊசி ஏற்றி ரத்தம் எடுத்து, கையோடு நம் பரிசோதனையில் பார்த்தேன். அந்த ஏற்றம் துளிகூட இல்லை! "பொண்டாட்டி கண்டுபிடிச்சதையே நம்பலைன்னா வேற எதை நம்பறது"ன்னு அவர் ஸ்கேன் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டார். வலி இன்னும் விடவில்லை, ஆளும் இளைத்துவிட்டார். அல்சராக இருக்கும்.

அன்புடன்,
அண்ணி

பிப்ரவரி 22

அண்ணி,

இன்றைக்கே அண்ணனுக்கு ஸ்கேன் எடு. போன் பண்ணினேன். "உங்க சண்டைக்கு என் ரத்தம்தான் கெடைச்சுதா?" என்று வைத்துவிட்டான். நீ சொன்னால்தான் கேட்பான்.

சின்ன நோட்டின் பக்கத்தை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். படி. நோயாளிகளின் ரத்தம் தூரத்து வார்டிலிருந்து வண்டியில் குலுங்கி மத்தியானம்தான் நம்மிடம் வரும். அதற்குள் சிவப்பணுக்கள் உடைந்து குழாயில் மேலே தெளியும் நீரெல்லாம் இளஞ்சிவப்பு. நோயில்லாதவர்கள் என்று யாரிடம் எடுத்தோம்? நம் ஆபீஸ் ஆட்களிடம், பக்கத்து அறையில். அது வைக்கோல் நிறம். உடைந்த சிவப்பணுவிலிருந்துதான் அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. கொட்டுகிறது. என் ரத்தத்தையே வேண்டுமென்று குலுக்கி அளந்தேன். உன் பரிசோதனைப்படி எனக்குப் புற்றுநோய்! அது நோயை அளக்கவில்லை, குலுக்கலை அளக்கிறது. நீ பூப்போல எடுத்த ரத்தத்தில் என்னத்தைக் காட்டும்?

நீ மேடையில் நிற்கும் அன்று இதை எல்லோருக்கும் அனுப்பத்தான் காத்திருந்தேன். அனுப்பத்தான் போகிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் முதலில் ஸ்கேன். உன் காலில் விழுகிறேன்.

குட்டை

மார்ச் 15

நாத்தனாருக்கு,

பொறாமையில் கதை கட்டுகிறாய் என்று உன் கடிதத்தை ஒரு வாரம் தூக்கிப் போட்டிருந்தேன். அப்புறம் மனசு கேட்காமல் என் ரத்தத்தைக் குலுக்கிப் பார்த்தேன். எனக்கும் புற்றுநோய். மறுநாள் அவரை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன்.

கணையத்தில் கட்டி இருக்கிறது. ஈரலுக்கும் போய்விட்டது. நவம்பரிலேயே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம் என்கிறார் டாக்டர். அந்தச் சீட்டைக் கிழிக்க வைத்தவள் நான்தான். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

விருது வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கட்டுரை தப்பு என்று பத்திரிகைக்கும் நானே எழுதிவிட்டேன். நீ அனுப்ப ஒன்றும் மிச்சமில்லை. அந்தச் சந்தோஷத்தை உனக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

நேற்று அவர் கேட்டார்: "இந்தப் பரிசோதனை தப்புன்னு ஒருத்தருக்குக்கூடவா தெரியல?"

நீ அனுப்பிய பக்கத்தை அவர் கையில் கொடுத்தேன். மேலே தேதி போட்டிருக்கிறாயே, உன் கையெழுத்தில், பளிச்சென்று தெரிகிறது. என் கட்டுரை வருவதற்கு நான்கு மாதம் முன்னால்.

அந்தத் தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணினார்.

"ரெண்டு வருஷத்துக்கு மேலயா இது அவளுக்குத் தெரியும்? ஏன் சொல்லலைன்னு கேளு" என்றார்.

கேட்டுவிட்டேன். பதிலை எனக்கு எழுதாதே, அவருக்கு எழுது. சீக்கிரம் எழுது.

நெட்டை