முதலாளி ஜீப்பின் இரண்டாவது பற்றரி

பலெர்மோ, இத்தாலி, 1996 நவம்பர், திங்கள் இரவு

நேற்று, என் லீவு நாளில், முதலாளியின் ஜீப்புக்கு இரண்டாவது பற்றரி பூட்டினேன். அவர் மலைக்கு வேட்டைக்குப் போனால், பின்னால் இருக்கும் ஃபிரிட்ஜ் இரவு முழுக்க ஓடிப் பற்றரியை இறக்கிவிடும். விடிய ஜீப் ஸ்டார்ட் ஆகாது. இனி ஃபிரிட்ஜுக்குத் தனிப் பற்றரி. எஞ்சின் ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஏறும். நிறுத்தினால் ரிலே சுவிட்ச் இரண்டையும் பிரித்துவிடும். யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் வாகன வயரிங் செய்தவன் நான். இங்கே வீட்டு வேலைக்காரன்.

இன்று முதலாளியின் நண்பர் வந்தார். கராஜ் வைத்திருப்பவர். பொனற்றைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"யார் செய்தது? இப்படி ஒரு ஆள்தான் எனக்கு வேண்டும்" என்றார்.

நான் கோப்பித் தட்டோடு பக்கத்தில்தான் நின்றேன். முதலாளி என்னைப் பார்க்காமலே, "மிலானோவில் செய்வித்தேன்" என்றார்.

அதே வீட்டில் சமைக்கும் என் மனைவி ஜன்னலால் எல்லாம் கேட்டிருக்கிறாள். குசினிக்குள் போனதும் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் செய்தனான் எண்டு சொல்ல உங்களுக்கு வாய் இல்லையே?"

"பெர்மெசோ விசா புதுப்பிக்க அந்தாள்தானே வேலைக் கடிதம் தரவேணும். என்னத்தைக் கதைக்கிறது?"

"ஓம், கடிதம்" என்று திரும்பிக்கொண்டாள்.

நண்பர் போனபின் முதலாளி குசினிக்கு வந்து என் தோளில் தட்டினார். அவருடைய தம்பியிடமும் ஒரு ஜீப் இருக்கிறதாம். வரும் ஞாயிறு அதற்கும் பூட்ட வேண்டுமாம்.

"சரி, சிஞ்ஞோரே" என்றேன். மனைவி பார்த்துக்கொண்டு நிற்க, உடனேயே சொன்னேன். கொஞ்சம் யோசிப்பதுபோலவாவது நின்றிருக்கலாம்.