உம்தாநகரோடு நின்ற தண்டவாளம்

உப்பல், ஹைதராபாத் – 39
நவம்பர் 8, சனிக்கிழமை

சிரஞ்சீவி நாராயணஸ்வாமிக்கு,

அண்ணா அனந்தகிருஷ்ணன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் மன்னி கிரிஜாவும் சௌக்கியம். என் ரத்த அழுத்தம் மட்டும் நேற்று முன்தினத்திலிருந்து சௌக்கியமாக இல்லை. போனில் பேசினால் என்ன என்று கிரிஜா கேட்டாள். போனில் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால் திருச்சிக்கு, அலமு வீட்டு விலாசத்துக்கே ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். படித்துவிட்டு அவளிடமும் கொடு. பதினோரு வருஷமாக நம் இருவருக்கும் நடுவில் தபால்காரியாக அலைகிறாள் நம் தங்கை.

மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கியதும் திருச்சி விமானத்துக்கு நடுவே நாலு மணி நேரம் இருக்கிறது, பன்னிரண்டரைக்கு வெளியே வந்து நிற்கிறேன், அண்ணா வருவானா கேள் என்று அலமுவிடம் நீயாகக் கேட்டாய். வருகிறேன் என்று நானும் சொன்னேன். வியாழக்கிழமை நீ இரண்டே கால் வரை நின்றுவிட்டு உள்ளே போனாயாம். திருச்சியில் இறங்கியதும் இறங்காததுமாக, "மனசு இருந்தா வந்திருப்பான்" என்றாயாம். கேட்டதும் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. வந்தேன்டா! கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரம் வந்துகொண்டே இருந்தேன்!

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். முப்பத்து நாலு வருஷம் செகந்தராபாத் ரயில்வே கன்ட்ரோல் ஆபீஸில் உட்கார்ந்து, எந்த வண்டியை முதலில் விடுவது, எதை லூப் லைனில் ஒதுக்கி நிறுத்துவது என்று சார்ட் போட்ட கை அல்லவா? அந்த வித்தையைச் சாலையிலும் காட்டினேன். முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம், தாமதத்தை ஈடுகட்டக் கால் மணி. பதினொன்றே காலுக்குக் கிளம்பினால் பன்னிரண்டரைக்கு ரைட் டைம். கிரிஜா ஒன்பது மணிக்கே காரை வரச்சொல்லுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். முன்கூட்டிப் போவதும் ஒழுங்கீனம்தான் என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன். அவள் உனக்காகச் செய்த கோங்குராக் கீரைத் தொக்கை பாட்டிலில் போட்டு என் பையில் வைத்தாள்.

எல்.பி. நகர் தாண்டவே முக்கால் மணி. சந்திராயன்குட்டாவில் குழி தோண்டி வைத்திருந்தார்கள், மூடுவாரைக் காணோம். ஆரம்கர் சந்திப்பில் யாரோ பெரிய மனிதரின் கார்கள் வருகின்றன என்று போலீஸ் எல்லாரையும் நிறுத்திவிட்டது. அந்தப் பெரிய மனிதர் முக்கால் மணி கழித்து விர்ரென்று போனார். நான் இறங்கி நடக்கிறேன் என்று கதவைத் திறந்தேன். டிரைவர் கையைப் பிடித்து, "நக்கோ சாப், கைக்கு? பந்த்ரா கிலோமீட்டர் ஹை" என்றான். வேண்டாம், எதற்கு, இன்னும் பதினைந்து கிலோமீட்டர் இருக்கிறதாம். அலமுவைக் கூப்பிட்டால் கோயிலில் போனை அணைத்து வைத்திருக்கிறாள். உன் நம்பர் என்னிடம் இல்லை. தம்பியின் நம்பர் இல்லாத அண்ணன்! இதற்கு எந்த அரசாங்கத்தைத் திட்டுவது?

மற்றதற்குத் திட்டலாம். திட்டத்தான் போகிறேன். நான் மாட்டிக்கொண்டு நின்ற இடத்துக்குக் கிட்டத்திலேயே தண்டவாளம் போகிறது, நாணா. நான் சார்ட் போட்ட செக்‌ஷன். உம்தாநகர் வரை லோக்கல் வண்டி போகிறது. அங்கிருந்து விமான நிலையம் ஆறேழு கிலோமீட்டர். பிளாட்பாரத்தில் நின்றால் விமானம் தாழ இறங்குவது தெரியும். அதோடு சரி. நம் நேரத்துக்கு வண்டி இல்லை, போய் இறங்கினாலும் ஆட்டோ கிடைப்பது அதிர்ஷ்டம். அந்த ஆறு கிலோமீட்டரைப் போட இவ்வளவு பெரிய ஊருக்கு யோக்கியதை இல்லையா? மெட்ரோ வரும் என்று ஒரு படம் போட்டார்கள். பிறகு அதை அழித்துவிட்டு வேறு பக்கமிருந்து வரும் என்றார்கள். இப்போது எங்களுக்கு அடுத்த ஸ்டேஷனான நாகோலிலிருந்து வருமாம். வரட்டும், என் சாம்பலை அதில் கொண்டு போகட்டும்.

ஷ்யாமுக்கு இதெல்லாம் சிரிப்பு. கொண்டாப்பூரில் என் பிள்ளைக்கு வாசலைத் தாண்டினால் அவுட்டர் ரிங் ரோடு. "முப்பத்தஞ்சு நிமிஷம்ப்பா, ட்ரெயின் எவரிக்கி காவாலி, யாருக்கு வேணும்? ஏர்போர்ட் போறவா எத்தனை பேர்? அந்தப் பணத்துல ஊர் பூரா பஸ் விடலாம்" என்கிறான். ஊரே கொண்டாப்பூர் என்று நினைப்பு. எதிர்வீட்டு அனுபமா ஏர்போர்ட் காபிக் கடையில் வேலைக்கு நிற்கிறாள், மூன்று பஸ் மாறிப் போகிறாள். அவளும் ஏர்போர்ட் போகிறவள்தானே? தரை துடைக்கிறவர்கள், பெட்டி ஏற்றுகிறவர்கள் எல்லாம் காரிலா போகிறார்கள் என்று கேட்டேன். அவன் மீட்டிங் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டான்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு நாற்பது. டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். தம்பியை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று, என் பேரன் வயதுள்ள காவலரிடம் கெஞ்சினேன். "நஹி அங்கிள்" என்றான், மரியாதையாகத்தான். போர்டில் உன் திருச்சி விமானம் ரைட் டைம் என்று போட்டிருந்தது. அந்த வார்த்தையைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது அன்றைக்குத்தான். தொக்கு பாட்டிலோடு அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் விமானம் கிளம்பும் வரை நின்றேன்.

திரும்பும்போதும் அதே ஆரம்கர், அதே நெரிசல். அப்போதுதான் பதினோரு வருஷத்துக்கு முன் அப்பா போன நாள் ஞாபகம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? நீ காலை பத்துக்கு இதே ஏர்போர்ட்டில் வந்து இறங்கினாய். பன்னிரண்டுக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தேன். வரதராஜன் மாமாவும் வாத்தியாரும் இன்னும் அரை மணி பார்க்கலாம், பிள்ளை வந்துகொண்டிருக்கிறான் என்றார்கள். ஒரு ஆளுக்காக வண்டியை நிறுத்திப் பழக்கமில்லை என்று நான்தான் சொன்னேன். அப்பாவையா வண்டி என்றேன், நாணா? வழியிலிருந்து நீ நாலு தடவை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. நீ மயானத்துக்கு ஓடி வந்தபோது கொள்ளி வைத்தாகிவிட்டது. பெட்டியோடு நின்ற உன்னைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால், "மனசு இருந்தா வந்திருப்பே" என்றேன். ரோடில் என்று நீ ஆரம்பித்தாய். நான் திரும்பிக்கொண்டேன்.

என் வார்த்தையைத்தான் நீ திருப்பிக் கொடுத்திருக்கிறாய். வாங்கிக்கொண்டேன்.

வரும் இருபதாம் தேதி இதே வழியாகத்தான் மஸ்கட் திரும்புகிறாய், பகல் ஒரு மணிக்கு இங்கே இறங்குகிறாய் என்று அலமு சொன்னாள். அன்று நான் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுவேன். சார்ட் கிடையாது, கணக்கு கிடையாது. தொக்கு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, ஷ்யாம் கேட்டும் கிரிஜா கொடுக்கவில்லை. உறையின் பின்பக்கம் என் நம்பரை எழுதியிருக்கிறேன். எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பேன்.

நீயும் உன் குடும்பமும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். அவ்வளவு முன்னால் கிளம்பியும் இந்த ஊர்ச் சாலை என்னைப் பிடித்து வைத்துக்கொண்டால், உள்ளே போய்விடாதே. அன்றைக்கு நான் உனக்காக அரை மணி நிற்கவில்லை. நீ எனக்காக நில்லுடா.

வந்துகொண்டே இருக்கும்,
உன் அண்ணா
அனந்தகிருஷ்ணன்